குங்குமம் சார் நிறுத்தாத மெஷின்

கம்ப்யூட்டருக்கு லீவு கேட்டு மேனேஜரிடம் சண்டை போட்ட மனிதர் உலகத்திலேயே எங்கள் குங்குமம் சார் ஒருவராகத்தான் இருப்பார்.

மைசூர் விஜயநகரில் எங்கள் ஆபீஸ். வெளியூர்க் கம்பெனிகளுக்காக கிளவுடில் வர்ச்சுவல் மெஷின்களை எடுத்து, அமைத்து, பார்த்துக்கொள்வது எங்கள் பிழைப்பு. எல்லாம் எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடுகிற, கண்ணுக்குத் தெரியாத கம்ப்யூட்டர்கள். இங்கே ஒரு பட்டனைத் தட்டினால் பிறக்கும், இன்னொன்றைத் தட்டினால் போய்ச் சேரும். கொள்ளேகால்காரரான சார்தான் எங்கள் டீமுக்கு சீனியர்.

ஆயுத பூஜை வந்தால் மைசூரே வண்டி கழுவும். சார் காலையிலேயே குங்குமச் சிமிழோடு ஆபீஸில் நிற்பார்.

"மெஷினே இங்க இல்லையே சார், பொட்டு எங்க வெப்பீங்க?" என்று முதல் வருடம் கேட்டேன்.

"மானிட்டர்ல அதும்பட பேரு தெரியுதில்ல? அதுக்கு நேரா வெச்சாப் போதும் அம்மிணி."

நூற்றுச் சொச்சம் பெயர்கள், நூற்றுச் சொச்சம் பொட்டுகள். ஒரு வருடம் அவசரமாக உள்ளே வந்த மேனேஜர், திரை முழுக்கச் சிவப்பைப் பார்த்துவிட்டு, மெஷின்கள் எல்லாம் படுத்துவிட்டதாக நினைத்து, "அய்யோ, எல்லா ரெட் ஆகிதெ!" என்று கன்னடத்தில் அலறி நாற்காலியில் சரிந்தார்.

பொட்டோடு விட்டாரா? ஒவ்வொரு மெஷினையும் பத்து நிமிடம் நிறுத்தி வைப்பார். "வருசம் பூரா ஓடுது பாவம். செத்த நேரம் மூச்சு வுடட்டுமே" என்பார். கிளையண்டுகள் போனில் கத்த, மேனேஜர் ஆயுத பூஜையை 'ஷெட்யூல்டு மெயின்டெனன்ஸ்' என்று மொழிபெயர்த்துச் சமாளிப்பார்.

ஒரே ஒரு மெஷினுக்கு மட்டும் லீவு கிடையாது. அது ஆபீஸுடையது அல்ல, சாரின் சொந்தக் கணக்கில் இருந்தது. நான் சேர்ந்த இரண்டாவது வருடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

"இது என்ன பாவம் செஞ்சுது சார்? இதுக்கு மட்டும் ரெஸ்ட் இல்லையா?"

சார் சிமிழை மூடினார். "அது எம்பட பையனுது அம்மிணி" என்றார்.

பையன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்தவன். அப்பாவிடம் கேட்டு ஒரு மெஷின் வாங்கி, அதில் என்னவோ செய்துகொண்டிருந்தான். என்ன என்று கேட்டால், "முடிச்சுட்டுக் காட்டறனுங்கப்பா" என்பானாம். அப்புறம் குண்டலுபேட்டை ரோட்டில் ஒரு லாரி. அவனும் போனான், பையிலிருந்த லேப்டாப்பும் போனது. மெஷினுக்குள் நுழைகிற சாவி ஃபைல் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது.

இன்னொரு தப்பும் நடந்திருந்தது. வேகமாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் மெஷினோடு வரும் தற்காலிக டிஸ்கில் போட்டிருந்தான். மெஷின் நின்றால் அந்த டிஸ்க் சுத்தமாக அழிந்துவிடும். வேறு வழியில் உள்ளே போவதென்றாலும் முதலில் நிறுத்தியாக வேண்டும். "அதுல வெச்சது தங்காதுடா, வேற டிஸ்குக்கு மாத்துன்னு சொன்னன். சொன்னதோட வுட்டுட்டன். ஒக்கார வெச்சு மாத்தியிருக்கோணும்" என்றார் சார். திறக்கவும் முடியாமல், நிறுத்தவும் மனமில்லாமல், நாலு வருடமாக அதை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். கிண்டலாகக் கேட்ட என் வாயை அன்று நானே திட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறமும் பல வருடம் அது ஓடியது. போன வருடம் கிளவுட் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. அந்த மெஷின் ஓடுகிற வன்பொருள் பழசாகிவிட்டதாம். வெள்ளிக்கிழமை மதியம் தாங்களே நிறுத்திவிடுவார்களாம். சார் ஐந்து முறை கெஞ்சி எழுதினார். ஐந்து முறையும் மரியாதையாக ஒரே பதில் வந்தது: தேவையான தகவல்களைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி காலை பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். "மொகந்தெரியாதவன் நிறுத்தறதுக்கு நானே நிறுத்தீர்றன். நீ பக்கத்துல இரு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நிச்சயமாக நிறுத்தவா என்று திரை கேட்டது. மவுஸின் மேல் இருந்த சாரின் கை அசையவில்லை. மவுஸை என் பக்கம் தள்ளி, "என்னால ஆவுல. நீ அமுத்து அம்மிணி" என்றார்.

அமுக்கினேன். என் பதினோரு வருட சர்வீஸில் எத்தனையோ மெஷின்களை நிறுத்தியிருக்கிறேன். அன்று மட்டும் அமுக்கிய பிறகும் விரலை எடுக்கவில்லை.

"என்னத்தச் செஞ்சு வெச்சிருந்தானோ" என்றார் சார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் பாட்டிலை அவர்தான் என் பக்கம் நகர்த்தினார்.

இந்த வருடம் சார் வேலையை விட்டுவிட்டு கொள்ளேகாலுக்கே போய்விட்டார். அவர் பராமரித்த மெஷின் பட்டியல் என்னிடம் வந்தது. ஆபீஸுடையது இல்லையென்றாலும் கடைசி வரியில் அந்த மெஷினும் இருந்தது. 'உபயோகம்' என்ற கட்டத்தில் சார் எழுதியிருந்தார்: பையன் இன்னும் முடிக்கவில்லை.

நின்றுபோன மெஷின்களின் வரியை மாதாமாதம் அழிப்பது என் வேலை. இது ஏன் இன்னும் இருக்கிறது என்று மேனேஜர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

"இருக்கட்டும் சார், வேலை நடந்துட்டிருக்கு" என்றேன்.