அம்புக்குறி சாரும் நூற்றிருபது அட்டைகளும்

கம்ப்யூட்டரைக் கண்ணாலேயே பார்க்காமல் அதன்மேல் பைத்தியமாய் அலைந்த ஆள் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவரும் பெரிய காஞ்சிபுரத்தில் என் பக்கத்து அறையில் குடியிருந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் மின்சார ஆபீஸ் குமாஸ்தா. அவர் கல்லூரியில் கணக்கு வாத்தியார். எதைப் பார்த்தாலும் வட்டம் போட்டு, வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறி இழுப்பார். சுவர், கதவு, என் வெள்ளைச் சட்டை என்று அவர் கரித்துண்டுக்குப் பேதமே கிடையாது. அதனால் ஊருக்கே அவர் அம்புக்குறி சார்.

"உலகத்துல எல்லாமே மெஷின்தாம்பா! ஒரு நிலைல நிக்குது, ஒரு சேதி வருது, அடுத்த நிலைக்குப் போவுது. ரூல் தெரிஞ்சா போதும், நாளைக்கு இன்னா நடக்கும்னு இன்னைக்கே சொல்லிடலாம்!" என்பார். பேச்சு சூடு பிடித்தால் வேட்டி அவிழ்வதுகூட அவருக்குத் தெரியாது.

சொல்லியும் காட்டினார். எங்கள் வீட்டுக்கார அம்மா தண்ணீருக்காக எங்களைத் தினமும் திட்டுவார். அந்தத் திட்டுகளுக்கு சார் விதி எழுதினார்: முதலில் ஒரு பிராணி, அப்புறம் ஒரு கேள்வி, கடைசியில் நம் வம்சம். அந்த விதிப்படி, அம்மா அதுவரை திட்டாத ஒரு திட்டைத் தயார் செய்து என்னிடம் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை வாளியோடு குழாயடிக்குப் போனேன். "எருமை மாடே, ஏரியையே குடிச்சிட்டுப் போவியா? உங்க வம்சமே தவளை வம்சமா?" அப்படியே, ஓர் எழுத்துப் பிசகாமல்! சார் மாடியிலிருந்து கைதட்டினார். திட்டு வாங்கியது நான்.

ஓரிக்கை பஸ்ஸில் நடந்தது இதைவிட மோசம். ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். "மூணு அடிச்சா இந்த மெஷின் இன்னா பண்ணும்?" என்று சாருக்கு மண்டை குடைந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் சமயம் பார்த்து, விசிலைப் பிடுங்கி மூன்று ஊதிவிட்டார். பஸ் நின்றது, துள்ளியது, மறுபடி நின்றது. ஒரு கூடை கத்தரிக்காய் என் மடியில். டிரைவர் இறங்கி வந்து, "யாருய்யா நீ? இன்னா நெனைச்சிக்கினு இருக்கே?" என்று சார் சட்டையைப் பிடித்தார்.

"பாத்தியாபா! மூணாவதா ஒரு நிலை இருக்குது!" என்றார் சார் பரவசமாக. மீதி தூரம் நடந்தே போனோம்.

இதெல்லாம் போகட்டும். மனுஷன் என் கல்யாணத்திலேயே கை வைத்தார்.

கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. எதிர் வீட்டு நெசவாளர் ஏழுமலை அண்ணன் தறியில் அரக்கு நிறத்தில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, கரை முழுக்கக் கிளிகளோடு. பாதி நெய்தாகிவிட்டது. முகூர்த்தத்துக்கு ஒன்பதே நாள். என் மாமனாராகப் போகிறவர் மகா கோபக்காரர். புடவை ஒரு நாள் பிந்தினாலும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அன்று பார்த்து சார் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தார். தறியின் தலையில், அந்தத் தெருவுக்கே புதிதாக வந்திருந்த ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கின. ஒவ்வொரு வரிக்கும் ஒரு அட்டை. எந்த நூல் மேலே எழ வேண்டும் என்பதை ஓட்டைகள் சொல்லும்.

"கம்ப்யூட்டருக்கும் இதே மாதிரி அட்டைதாம்பா! எதிர் வீட்லயே இருக்குது, நான் புஸ்தகத்துல தேடிக்கினு இருந்தேனே! அண்ணே, பாத்துட்டுத் தரட்டுமா?"

"அதுக்கின்னா சார், நல்லா பாருங்க," என்றார் அண்ணன் வெள்ளந்தியாக.

மாலையில் நான் மாடி ஏறினால், நூற்றிருபது அட்டையும் தரையில் இறைந்து கிடக்கின்றன.

"ஐயோ சார்! கட்டியிருந்த கயிறு?"

"பிரிச்சிட்டேன். அதுங்களே வரிசையைச் சொல்லுதான்னு பாக்கணும்ல?"

"சரி, பின்னால நம்பர் போட்டிருப்பாங்க..."

"பென்சில் நம்பர்தானே? ரப்பர் போட்டு அழிச்சிட்டேன். நம்பர் பாத்து அடுக்கினா காப்பியடிக்கிற மாதிரி ஆயிடும்பா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடி வந்த ஏழுமலை அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "புதுசா அட்டை வெட்ட பத்து நாள் ஆவும் தம்பி."

அப்போதுதான் சாருக்கு என் கல்யாணம் உறைத்தது. முகம் வெளுத்துப்போய், கரித்துண்டோடு தரையில் உட்கார்ந்தார். "கிளி திடீர்னு குதிக்காதுபா. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ரெண்டு மூணு ஓட்டைதான் மாறும். அதான் ரூல். ஓட்டையைப் படி!"

நான் படிக்க, அவர் அம்பு இழுத்தார். அலகு வந்தது! கழுத்து வந்தது! ஒவ்வொரு அட்டை சேரும்போதும் இருவரும் கூச்சல் போட்டோம். திட்ட வந்த வீட்டுக்கார அம்மாவே கட்டிலுக்கடியில் அட்டை தேட ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் நாள் வாலும் வந்தது. அண்ணன் கயிறு கோத்து, மூச்சுவிடாமல் தறி ஓட்டி, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் புடவையை இறக்கினார்.

விரித்தோம். முதல் பாதிக் கிளிகள் முந்தானையைப் பார்த்து நடந்தன. மறு பாதிக் கிளிகள் அத்தனையும் எதிர்ப்பக்கம் பார்த்தன. அட்டைகளைத் தலைகீழ் வரிசையில் கோத்திருக்கிறோம்! நெய்த துணி உடனுக்குடன் தறிக் கட்டையில் சுருண்டதில், அவசரத்தில் அண்ணனும் கவனிக்கவில்லை.

சார் குனிந்து கிளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். "ரூல்ல தப்பில்லபா. வாலுலேர்ந்து வந்தாலும் கிளிதான், அலகுலேர்ந்து வந்தாலும் கிளிதான். எது மொதல்னு அந்த ரூலை வெச்சிக் கண்டுபிடிக்கவே முடியாது. எனக்கு இது தோணாம போச்சே. உன் கல்யாணத்தைக் கெடுத்துட்டேன்பா," என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் கரித்துண்டைக் கீழே வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் பந்தலில் மாமனார் புடவையைப் பிரித்தார். நடுப்பகுதி வந்ததும் நெற்றி சுருங்கியது. "இன்னாய்யா இது?"

பெண் எட்டிப் பார்த்தாள். இரண்டு பாதியும் சேரும் இடத்தில், இரண்டு கிளிகள் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன.

"எல்லார் புடவைலயும் கிளிங்க ஒண்ணு பின்னால ஒண்ணு போவுதுபா. இதுல மட்டும்தான் ரெண்டு பேசிக்கினு இருக்குது. எனக்கு இதான் வேணும்," என்றாள் அப்பாவிடம்.

பந்தல் மூலையில் குற்றவாளி மாதிரி நின்றிருந்த சார் துள்ளிக் குதித்தார். "இதுக்கு நான் ரூலே எழுதலையேபா!" என்று கத்தினார். மாமனாரே சிரித்துவிட்டார்.

இன்றும் விசேஷங்களுக்கு என் மனைவி அந்த ஜோடிக் கிளி வெளியே தெரிகிற மாதிரிதான் மடிப்பு வைக்கிறாள். வேலை மாறி வடக்கே போன சார் திரும்பி வரவே இல்லை. எங்கே இருக்கிறாரோ. வந்தால், பீரோவில் இருக்கும் வெள்ளைச் சட்டை அத்தனையும் எடுத்து முன்னால் வைத்து, இழுங்க சார் அம்புக்குறி என்று சொல்லிவிடுவேன்.