கீறக்கூடாத வேன்

மலேசியாவின் கோத்தா திங்கியில் ஆற்றை ஒட்டிய அந்தத் தாமான் குடியிருப்புக்கு வெள்ளம் புதிதல்ல. வெள்ளத்தை அறிவிக்க ஒரு வேன் வந்ததுதான் புதிது. குடியிருப்பாளர் சங்கம் அதற்கு உள்ளும் புறமும் மஞ்சள் பெயிண்ட் அடித்து, கூரையில் நான்கு ஒலிபெருக்கி மாட்டி, பின்னால் நீல விளக்கு எரியும் ஆம்ப்ளிபயர் ஒன்றையும் பொருத்தியிருந்தது. அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை எவரும் வீட்டைவிட்டுக் கிளம்பிப் பதற்றம் உண்டாக்கலாகாது என்று வீடு வீடாகச் சொல்லியும் ஆகிவிட்டது. திங்கட்கிழமை டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வந்து வேனைத் திறந்து வைப்பார்.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஆம்ப்ளிபயர் மட்டும் எரிய மறுத்தது.

வேனுக்குப் பொறுப்பு சங்கத்தின் செயலாளர் தேவானந்தன். ஆற்றுக்கு மிக அருகில் இருந்தது அவர் வீடுதான். ஆம்ப்ளிபயரை விற்ற மாஹிரை வரவழைத்தார்.

"இது சின்னது சார். இதைவிடப் பெருசு ஒன்னு இருக்கு, மாட்டிடலாம்."

"சின்னதே எரியலையே?"

"பெருசுன்னா அதுக்குத் தனி மரியாதை லா."

தேவானந்தன் சோதனை விளக்கைக் கையில் எடுத்தார். பியூஸ் நன்றாக இருந்தது. பாட்டரியிலிருந்து மின்சாரம் வந்தது. ஆம்ப்ளிபயரை எழுப்பிவிட ரேடியோவிலிருந்து வரும் மெல்லிய கம்பியிலும் வந்தது. மிச்சம் எர்த் கம்பி. அதை வேனின் தகட்டில் புதுப் பெயிண்டின் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார்கள். பெயிண்ட் வழியே மின்சாரம் போகாது.

"ஐம்பது காசு அளவுக்குச் சுரண்டினா போதும், தலைவரே."

தலைவர் கனகராஜ் அதிர்ந்துபோனார். "கீறவா? டத்தோ உள்ளே எட்டிப் பார்ப்பாரு, தேவா! திறக்கிறதுக்கு முன்னாலேயே வேன் பழுதுன்னு பேர் வாங்கணுமா?"

"பழுதுதானே?"

"பழுதா இருக்கிறது வேற, தெரியறது வேற."

"அப்ப வாட்ஸ்அப்பிலயாவது போடுவோம்."

"அதுல போட்டா வேன் எதுக்குன்னு கேப்பாங்க."

செயற்குழு அவசரமாகக் கூடி, பெயிண்டின் மாண்புக்குப் பங்கம் நேராவண்ணம் மின்சாரத்துக்கு மாற்று வழி காண்பதென ஏகமனதாகத் தீர்மானித்தது. அதன்படி எர்த் கம்பியின் திருகாணியைத் துடைத்தார்கள். திருகாணி பளபளத்தது.

ஞாயிறு மதியம் தேவானந்தன் வீட்டுச் சமையலறைக்குள் தண்ணீர் வந்தது.

"என்னங்க, பிரிட்ஜுக்கு ஒரு கை பிடிங்க, அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள் சந்திரமதி.

"அறிவிப்பு வரலையே. செயலாளர் வீட்டுச் சாமான் முதல்ல கிளம்பினா சனங்க பயந்துடும்."

"அறிவிப்புக் குடுக்க வேண்டியது யாரு?"

"நான்தான்."

அவள் தனியாகவே பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். அவர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, தான் கொள்கைக்காரனா கோழையா என்று வெகுநேரம் யோசித்தார். அரசாங்க வேலையில் இருந்த காலம் முழுக்க இந்தச் சந்தேகம் அவருக்கு இருந்தது. அங்கே இரண்டுக்கும் ஒரே சம்பளம்.

தண்ணீர் நாற்காலியைத் தொட்டது. அவர் காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு மேட்டில் நின்ற வேனுக்கு ஓடினார். சுரண்டினார். கம்பியை முடுக்கினார். நீல விளக்கு எரிந்தது.

"வெள்ளம் வந்துவிட்டது! எல்லாரும் உடனே வெளியேறுங்கள்!"

கதவுகள் திறந்தன. மேட்டை ஒட்டிய வீட்டு ராசம்மா தொடையளவு தண்ணீரில் நின்று கேட்டாள்: "சார், டத்தோ நாளைக்குத்தானே திறக்கிறாரு? இது நெசமா, டெஸ்டிங்கா?"

அதற்குள் கனகராஜ் குடையோடு வந்து மைக்கைப் பிடுங்கினார். "அன்பார்ந்த குடியிருப்பாளர்களே, இது சோதனை ஒலிபரப்பு மட்டுமே!"

"சத்தம் கிளியரா இருக்கு தலைவரே!" தண்ணீருக்குள் நின்றபடி எல்லாரும் கைதட்டினார்கள். தட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

அப்போது தெருவில் வெள்ளையாக ஏதோ மிதந்து வந்தது. செயலாளர் வீட்டு பிரிட்ஜ். இடுப்பளவுத் தண்ணீரில் சந்திரமதி அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அலமாக்! செயலாளர் வீட்டுச் சாமானே கிளம்பிடுச்சு!" என்று ஜன்னலிலிருந்து ராசம்மா கூவினாள். அவ்வளவுதான். பாய், தலையணை, பிள்ளைகள், பூனை என்று தாமானே மேட்டை நோக்கி ஓடியது.

கனகராஜ் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். நான்கு ஒலிபெருக்கியிலும், மிகத் தெளிவாக, ஊருக்கே கேட்டது:

"தேவா, அந்த பிரிட்ஜுக்கு யாரு அனுமதி குடுத்தது?"