சாட்சிக் கையெழுத்துக்காரர்

எந்தத் தாளை நீட்டினாலும் அதன் அடியில் தம் கையெழுத்துக்கும் ஓர் இடம் இருக்கும் என்று நம்புகிற இனம் ஒன்று உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாளையங்கோட்டையில் அந்த இனத்தின் தலைமகன் ஓய்வுபெற்ற தாசில்தார் ஆவுடைநாயகம். தெருவில் வீடு கைமாறினாலும், பங்காளிகள் பாகம் பிரித்தாலும், கூப்பிடாமலே போய் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, பேனாவைத் திறந்துவிடுவார். டிசம்பர்தோறும் மாற்றுத்திறனாளிகள் தினக் கூட்டத்துக்கும் அவர்தான் தலைமை. "குறை உடம்பில் இல்லை, பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது" என்று முழங்குவார். பிறகு பொன்னாடை, சக்கர நாற்காலி, புகைப்படம். நாற்காலியில் இருப்பவரின் பெயரை இதுவரை கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் மருமகள் விஜயஸ்ரீக்கு இருபத்திரண்டாவது வாரத்தில் பரிசோதனை முடிவு வந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம். அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும், எவ்வளவு என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. கலைப்பதானால் இருபத்துநாலு வாரத்துக்குள் இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும். தாண்டினால் மருத்துவக் குழுவிடம் போகவேண்டும். பெறுவதானால் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

அன்று மாலையே வீட்டில் சபை கூடியது.

"நம்ம குடும்பத்துக்கு இது சரிப்படாது. கலைச்சிரணும்" என்றார் ஆவுடைநாயகம்.

"சாமி குடுத்த பிள்ளை. தொடக்கூடாது" என்றாள் அவர் மனைவி ஞானம்பாள்.

"அப்பா சொல்லுததும் சரிதான், அம்மா சொல்லுததும் சரிதான்" என்றான் மகன் கணேஷ்ராம்.

சுமக்கிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும் சபைக்குக் காபி கொண்டுவந்தவளே அவள்தான். டம்ளரை வைத்துவிட்டு அவளாகவே கேட்டாள்.

"மாமா, டிசம்பர்ல மேடையில பேசுதீங்களே, அது யார் வீட்டுப் பிள்ளைக்கு?"

"அது பொதுவாச் சொல்லுததும்மா."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் குடும்பமே போனது. சம்மதப் படிவத்தை ஆவுடைநாயகமே கேட்டு வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, பேனாவைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை படித்து, திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் வெறுமை.

"குடும்பத்துப் பெரியவங்க எங்க போடணும்?"

"இதில உங்களுக்கு இடமில்ல சார். அவங்க மட்டும் போட்டாப் போதும். போடலன்னாலும் அவங்க இஷ்டம்" என்றார் டாக்டரம்மா.

"அப்ப கலைக்க வேண்டாம்னு நான் எழுதிக் குடுக்கட்டுமா?" என்று ஞானம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"அதுக்கும் இடமில்லம்மா."

முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் இப்படியொரு தாளை ஆவுடைநாயகம் கண்டதில்லை. அவரைப் பார்க்க நிஜமாகவே பாவமாக இருந்தது. விஜயஸ்ரீ தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"இன்னும் பத்து நாள் இருக்கு மாமா. இந்த மாதிரிப் பிள்ளைய வளக்குதவங்க ரெண்டு பேரையாவது நான் பாக்கணும். டாக்டர்ட்ட தனியாப் பேசணும். பெறவு நானே சொல்லுதேன். பேனாவ மூடுங்க."

கடைசியில் என்ன முடிவெடுத்தாள் என்றுதானே கேட்கவருகிறீர்கள்? கலைத்திருக்க வேண்டும், இல்லை, பெற்றிருக்க வேண்டும் என்று இதற்குள் மனசுக்குள் தீர்ப்பும் எழுதியிருப்பீர்கள். எதற்கும் உங்கள் சட்டைப்பையை ஒருமுறை தடவிப் பாருங்கள். பேனா மூடியிருக்கிறதா?