தர்மக்கடையில் விற்ற செருப்பு

மூர்த்திக்குக் காலையிலிருந்தே இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. நெல் மண்டியில் பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கியதில் மிச்சம் அதுதான். அதனால் வாசலில் யாரோ விலை கேட்டபோது அவன் ஸ்டூலை விட்டு எழவில்லை. கழுத்தை மட்டும் திருப்பினான்.

"இந்தச் செருப்பு இன்னா வெலண்ணா?"

பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண், வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

"எந்தச் செருப்பா இருந்தாலும் அறுபதும்மா."

அவள் செருப்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "இதுக்கு அறுபதா?"

"தர்மத்துக்குப் போற காசு. பேரம் கெடையாது."

வெளியே தார் ரோடு கொதித்தது. அவள் பர்ஸைத் திறந்து அறுபது ரூபாயை மேஜைமேல் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபடி போய்விட்டாள்.

செங்கம் சாலையில் அந்தக் கடைக்குத் தர்மக்கடை என்றுதான் பேர். சீசன் முடிந்து ஊருக்குப் போகும் வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போகிற கம்பளி, கெட்டில், செருப்பு எல்லாவற்றையும் அங்கே விற்பார்கள். வரும் காசில் ஏழை நோயாளிகளுக்கு மாத்திரை வாங்குவார்கள். விற்றதை உடனே நோட்டில் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. அதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கத்தான் சென்னை அலுவலகத்திலிருந்து சிந்துஜா வந்திருந்தாள். காலையில் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்ததிலிருந்து அலமாரி அலமாரியாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் கேட்கும்படி மூர்த்தி சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினான். "செருப்பு ஒரு ஜோடி. ரூபாய் அறுபது."

சிந்துஜா வந்து எட்டிப் பார்த்து, பச்சைப் பேனாவால் ஒரு டிக் அடித்தாள். "வெரி குட். இப்படித்தான் இருக்கணும்."

பத்து நிமிஷம் கழித்து டீ குடிக்கக் கிளம்பியவள் வாசலிலேயே நின்றாள்.

"என் செருப்பு எங்க? இந்தக் கூடை பக்கத்துலதான் கழட்டிவிட்டேன்."

அது விற்பனைச் செருப்புகள் போட்டிருக்கும் கூடை. மூர்த்தி நோட்டைப் பார்த்தான். சிந்துஜாவும் பார்த்தாள்.

"வித்துட்டீங்களா?"

"நீங்களும் டிக் அடிச்சீங்களே மேடம்…"

"கடைப் பொருள் எது, அடுத்தவங்க பொருள் எதுன்னு பாத்தா தெரியாதா?"

"அந்த வரிய அடிச்சிடட்டுமா?"

"அடிக்கக் கூடாது!"

"அப்ப அந்த அறுபத நீங்களே வச்சிக்குங்க."

"எனக்கே லஞ்சமா?"

மூர்த்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கூடையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து நீட்டினான்.

"சும்மா வாங்கினா அதுவும் திருட்டுதான். எழுதுங்க," என்றாள் சிந்துஜா.

'மேடத்துக்குக் கடன், செருப்பு ஒரு ஜோடி' என்று எழுதினான். அது ஆறடி ஜெர்மன்காரன் விட்டுப்போனது. இரண்டாவது அடியில் அவள் தடுக்கியதில் வார் அறுந்தது. 'சேதாரம், ஒரு ஜோடி' என்று இன்னொரு வரி எழுத வேண்டியதாயிற்று. கடைசியில் அவள் அளவுக்குக் கிடைத்தது, முழங்கால் வரைக்கும் வரும் மஞ்சள் மழை பூட்ஸ்தான். பங்குனி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கும் ஒரு வரி.

"மூர்த்தி, நான் ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும். கடைக்கு வேற ஆள் பாக்கச் சொல்லி."

இடுப்பு போனவனுக்கு மண்டியில் வேலை இல்லை. இங்கேயும் இல்லையென்றால் வீட்டில் சோறு இல்லை.

"ஒரு மணி நேரம் குடுங்க மேடம். செருப்போட வர்றேன்."

பக்கத்து டீக்கடை கோபிக்குத் தெரியாத ஆள் அந்தச் சாலையில் கிடையாது.

"பச்சைப் பொடவையா? உண்ணாமலையக்கா. பின்தெரு லாட்ஜுல சமையல் வேல செய்யுது. இன்னாத்துக்குண்ணா? கம்மி வெலைக்கு வித்துட்டியா?"

"அத வித்ததுல என் வேலையே போவப்போவுதுடா!"

இடுப்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மூர்த்தி பின்தெருவுக்கு நடந்தான். உண்ணாமலை சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பு காலிலேயே இருந்தது.

"அந்தச் செருப்பத் திருப்பிக் குடுத்துடும்மா. நூறு ரூபா தர்றேன்."

"தரமாட்டேன்."

"எரநூறு. என் கைக்காசு."

"ரெண்டாயிரம் குடுத்தாலும் தரமாட்டேன். அப்படி இன்னா இதுல?"

"அது எங்க மேடத்தோடது. வாசல்ல விட்டிருந்தாங்க, தெரியாம வித்துட்டேன். நீ குடுக்கலன்னா எனக்கு வேல போயிடும்."

உண்ணாமலை கத்தியைக் கீழே வைத்தாள். "மேடத்தோடதா?"

"ஆமா. கடையிலதான் இருக்காங்க."

"நட. நானே வந்து அவங்களாண்ட பேசுறேன்."

நல்ல மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டான் மூர்த்தி. திரும்பும்போது இடுப்புகூட அவ்வளவாக வலிக்கவில்லை.

சிந்துஜா பூட்ஸுக்குள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். உண்ணாமலையின் காலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"வாங்கம்மா. உங்க மேல தப்பில்ல. எல்லாம் இவரோட கவனக்குறைவு."

உண்ணாமலை ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். "இதானா மேடம் உங்குளுது?"

"இதேதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"என் செருப்பு எனக்குத் தெரியாதாம்மா?"

உண்ணாமலை செருப்பைத் திருப்பிப் பிடித்தாள். குதிகாலில் டயர்த் துண்டு வைத்து, சிவப்பு நைலான் நூலால் தைத்திருந்தது. சிந்துஜா அதைப் பார்த்தாள். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தாள்.

"இந்தத் தையல் நான் போட்டது மேடம், காலையில புள்ளையார் கோயில் வாசல்ல காணாமப் போன என் செருப்ப, தர்மக்கடைக்கு வந்துட்டதா நெனச்சி நானே காசு குடுத்து வாங்கினேன், அந்த அறுபது ரூபா எனக்குத் திரும்ப வரணும்."