திரைச்சீலை வைத்திருந்த சாட்சி

மகளுக்கு மூச்சிழுப்பு வந்த அன்றே அவர் சிகரெட்டைத் தலைமுழுகிவிட்டதாகச் சத்தியம் செய்தார். சத்தியம் ஒரு வாரம் தாங்கியது.

பிறகு, அவர் மேற்பார்வை பார்த்த துணி ஆலையே கைகொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த கரித்தூளைத் துணியில் பூசி, தெருப்புகையை வடிகட்டும் திரைச்சீலை செய்திருந்தார்கள். சோதனைக்காக அதை மூன்று மாதம் ஒரு வீட்டில் தொங்கவிட்டு, வீட்டம்மா கைப்படக் கருத்து எழுதித் தர வேண்டும்.

"என் வீடே இருக்கே" என்று முந்திக்கொண்டார். மாட்டிய நாள் முதல், திரைக்கும் ஜன்னலுக்கும் நடுவே தலையை நுழைத்துக்கொண்டு நிம்மதியாக ஊதினார். வாடை அறைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"ஏங்க, இது குடிக்கிற புகையெல்லாம் எங்க போகும்?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"அந்தத் துளைக்குள்ளயே இருக்கும். சூடு பட்டாத்தான் வெளியே விடும்." தொழில் பெருமையில் வாய் நீண்டுவிட்டது.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு. மேசைமேல் திரைச்சீலை. மனைவி கையில் இஸ்திரிப் பெட்டி. அறை முழுக்க தொண்ணூறு நாள் சிகரெட்.

"திருப்பித் தரணுமே, சுருக்கமா இருந்துச்சு" என்றாள்.

"தெருவுல லாரி அதிகம்."

"லாரியும் உங்க பிராண்டுதான் பிடிக்குதா?"

அவர் ஜன்னலைத் திறக்கப் போனார். அவள் குரல் தணிந்தது. "நீங்க தூக்கிக்கிட்டா மட்டும் பொண்ணு ஏன் இருமுறான்னு தெரியாம, மூணு மாசமா தெருவைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

அவள் கருத்துத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

"மேனேஜர் படிப்பாரு."

"படிக்கத்தானே எழுதறேன்."

'அருமையான துணி. என் கணவர் திருட்டுத்தனமாக விட்ட புகையைச் சிந்தாமல் சேர்த்துவைத்து, இஸ்திரி போட்டதும் ஒப்படைத்தது. ஆனாலும் இதே வீட்டில், சிகரெட் இல்லாமல் இன்னொரு மூன்று மாதம் தொங்கவிட்டு, அதையும் இஸ்திரி போட்டு ஒப்பிட்டால்தான் சோதனை முழுமை பெறும்.'

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். நம் ஆட்கள் யாருக்கும் இது தோன்றவில்லையே என்றார். புதுத் திரைச்சீலையோடு, ஆலைச் செலவில் நல்ல கனமான இஸ்திரிப் பெட்டி ஒன்றையும் வீட்டம்மாவுக்குக் கட்டிக் கொடுத்தார்.

இரண்டையும் வீடுவரை சுமந்து வந்தவர் கணவர்தான்.