ஆளே போகாத பக்கம்

பின்னால் மறுபடியும் காலடிச் சத்தம். ஹார்லன் மாத்திரை டப்பாவைச் சட்டென்று மூடினார்.

வாரத்துக்கு ஏழு அறை உள்ள டப்பா. ஞாயிற்றுக்கிழமை அறையில் மட்டும் மாத்திரை இல்லை, மோதிரம் இருந்தது.

"என்ன, முழங்கால் வலியா?" என்றாள் வெர்னா.

"அப்புறம் போட்டுக்கறேன். இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம், வா."

"நாலு மைல் வந்தாச்சு. இதுக்கும் உள்ளேன்னா அடுத்த மாநிலம்தான்."

ஹார்லன் பெருமூச்சு விட்டார். மனைவியை இழந்து ஆறு வருடமான பள்ளிப் பேருந்து மெக்கானிக், ஐம்பத்தெட்டு வயதில், அதே பள்ளியின் நூலகர் வெர்னாவிடம் கல்யாணம் பற்றிக் கேட்க, ஆளில்லாத இடம் வேண்டாமா? கடற்கரையில் கூட்டம், ஏரிக்கரையில் கூட்டம் என்று இரண்டு முறை கேட்காமலே திரும்பியாயிற்று. அதனால்தான் இந்தப் பாலைவனப் பூங்கா. காலையில் அவர் தண்ணீர் பிடிக்கும்போது, நடக்க வருகிற எல்லோரும் பேரும் போகும் வழியும் எழுதுவதற்காகப் பாதை முகப்பில் வைத்திருந்த பதிவேட்டை வெர்னாதான் நிரப்பினாள். "ஆளே போகாத பக்கமாப் போறோம்னு எழுது" என்று சொல்லியும் அனுப்பினார்.

தொப்பி போட்ட இரு சகோதரிகள் வந்து சேர்ந்தார்கள். "நடங்க, நடங்க. நாங்க மெதுவாத்தான் வருவோம்."

ஹார்லன் வறண்ட ஓடைக்குள் இறங்கினார். சகோதரிகளோடு ஒரு தாடிக்காரரும் இறங்கினார்.

பாறைமேல் ஏறினார். கால்சட்டை பின்பக்கம் கிழிந்தது. திரும்பிப் பார்த்தால் ஏழு பேர். ஒருவர் மடக்கு நாற்காலியே கொண்டுவந்திருந்தார்.

"இவங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா வெர்னா?"

"பாவம், அவங்களும் தனிமை தேடி வந்திருப்பாங்க."

கடைசியாக, தோள் உரசும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றுக்குள் அவளை இழுத்துக்கொண்டு போனார். முடிவில் செங்குத்துப் பாறை. நல்ல அமைதி.

"வெர்னா..." என்று ஆரம்பித்தார்.

பின்னால் இருமல். இப்போது பன்னிரண்டு பேர்.

ஹார்லன் தளர்ந்துபோனார். "போதும், வீட்டுக்குப் போகலாம். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

"என்னத்தைப் பார்த்துக்கறது?"

"ஒண்ணுமில்ல." கூட்டத்திடம் திரும்பினார். "கொஞ்சம் வழி விடுங்க."

யாரும் அசையவில்லை. நாற்காலிக்காரர் நாற்காலியைக் குறுக்கே விரித்து நிதானமாக உட்கார்ந்தார். வெர்னா பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்திருந்தது.

"முடியாது சார்" என்றார் நாற்காலிக்காரர். "'மாத்திரை டப்பாவுல இருக்கற மோதிரத்தை வெளியே எடுக்கற வரைக்கும் இவருக்கு வழி விடாதீங்க, நான் சரின்னுதான் சொல்லப்போறேன்'னு இந்த அம்மா பதிவேட்டுல எழுதி வச்சிருக்காங்க."