ஏழு லீவர் பூட்டும் சந்தன அத்தரும்

சனாவுல்லா சபதம் எடுத்துவிட்டார். பெண்டாட்டி தலையிலிருந்து எத்தனை முடி உதிர்ந்தாலும் ஒன்றுகூட அவள் கண்ணில் படக் கூடாது. காரணம், தாஹிரா சொன்ன சொல். "முடி போச்சுன்னா மதுரைக்கு ஊசி போட வரமாட்டேன். செத்தாலும் சடையோட சாவுறேன்." புற்றுநோய்க்கு ஆறு ஊசி. போட்டது ரெண்டு.

மணிக்கூண்டுப் பக்கம் அத்தர் விற்கிறவர் வழி சொன்னார். "இது சந்தனமில்ல பாய். சந்தன வாசத்துக்குன்னே கம்பெனில செய்யிற சரக்கு. இத மோந்தா முடி வேரு முழிச்சுக்கிருமாம், பேப்பர்லயே போட்டிருக்கான்." எந்தப் பேப்பர் என்று கேட்க சனாவுல்லாவுக்குத் தோன்றவில்லை. மனுஷன் வேறு என்னதான் செய்வார்?

அன்றிலிருந்து தலையணையில் ரகசியமாக அத்தர். காலையில் அவள் எழுவதற்குள் முடியைப் பொறுக்கித் தகரப் பெட்டியில் போட்டு, தன் பட்டறையில் தானே செய்த ஏழு லீவர் பூட்டைப் பூட்டிவிடுவார். திண்டுக்கல்லில் ஒரு திருடனும் திறக்க முடியாத பூட்டு என்று அவருக்கு மெதப்பு.

ரெண்டு நாள் கொத்துக் கொத்தாக வந்தது. மூன்றாம் நாள் பதினைந்து. அப்புறம் எட்டு. பிறகு மூன்று. குளிருது என்று தாஹிரா தூங்கும்போதும் முக்காட்டை எடுக்கவில்லை. வாந்திதான் நிற்கவில்லை. அந்தப் பழியை ஊசி மேல் போட்டார்.

மூன்றாம் ஊசிக்குக் கிளம்பும் காலையில் ஒரே ஒரு முடி. சந்தோஷம் தாங்காமல் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டார்.

"இந்தா பாரு, இருபது நாளாப் பொறுக்குனது."

பெட்டியைத் திறந்தால் ரெண்டு நாள் முடிதான் கிடந்தது.

"மிச்சம் எங்க?"

"மிச்சம் ஏது? இதுலருந்துதான் தெனமும் கொறச்சுக் கொறச்சு எடுத்துத் தலகாணில போட்டேன். பொறுக்குனதையே பொறுக்குனீங்க."

முக்காட்டை விலக்கினாள். மழுமழுவென்று மொட்டை.

"ரெண்டாம் நாளே பக்கத்து வீட்டு புஷ்பமேரி அக்கா மழிச்சு விட்டுருச்சு. நீங்க இந்தப் பெட்டிய மடில வச்சு அழுததப் பாத்துட்டேன். அதான்."

"அப்ப அத்தரு?"

"அந்த வாடைக்குத்தான் வாந்தி. ஆசையா ஊத்துறீங்க, எப்புடிச் சொல்றது?"

சனாவுல்லா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

"ஊசிக்கு வருவியா?"

"வாரேன். ஒங்கள யாரு கையில விட்டுட்டுப் போறது? எந்திரிங்க, பஸ்ஸு போயிரும்."

எழுந்தார். வாசல் வரை போனவருக்கு மனசு ஆறவில்லை.

"ஏழு லீவரு, புள்ள. எதால தொறந்த?"

"கொண்டை ஊசியாலதான். எனக்கு இனி அது வேற எதுக்கு?"